இருபத்திரண்டு முறை எழுந்து நின்றவர்

மந்தைவெளி துரைராஜ் தன் ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு பயங்கரமான முடிவுக்கு வந்தார். பைபிளை முழுசாகப் படித்துவிடுவது. அதுவும் ஒருத்தருக்கும் தெரியாமல்.

இதிலென்ன பயங்கரம், மனுஷன் கிறிஸ்தவர், சபையில் மூப்பர் வேறு, கூடத்தில் ஜம்மென்று உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். துரைராஜ் பைபிளை ஏற்கெனவே இருபத்திரண்டு தடவை படித்து முடித்தவர். சபையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அடித்துச் சொல்வார்கள். ஒரு தடவைகூடப் படித்ததில்லை என்பது உலகத்திலேயே துரைராஜ் ஒருவருக்குத்தான் தெரியும். அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு எறும்பால் வந்த வினை. 1977-ம் வருஷம், டிசம்பர் கடைசி ஞாயிறு. துரைராஜுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வருஷக் கடைசி ஆராதனையில் போதகர், "இந்த வருஷம் வேதத்தை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சு முடிச்சவங்க எழுந்து நில்லுங்க" என்பார். அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லி வாய் மூடவில்லை, மாவிலைத் தோரணத்திலிருந்து இறங்கி வந்த செவ்வெறும்பு ஒன்று துரைராஜின் தொடையில் சுருக்கென்று கடித்தது. மனுஷர் துள்ளி எழுந்துவிட்டார். சபை முழுக்க "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்றது. போதகர் கை தட்டினார். உடனே உட்கார்ந்திருக்கலாம். உட்காரும் முன் பெண்கள் பக்கம் பார்த்துத் தொலைத்தார்.

மூன்றாவது வரிசையில் புதுப்பெண்டாட்டி சுகிர்தம். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் தளும்ப, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பெருமையை எந்தப் பெண் முகத்திலும் துரைராஜ் பார்த்ததில்லை. தனக்காக ஒருத்தி இப்படி நெகிழ்ந்து போவாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. எறும்பு இன்னொரு தடவை கடித்தது. அவர் அசையாமல் நின்றார்.

அந்த முகத்துக்காக மறு வருஷமும் நின்றார். அதற்கடுத்த வருஷமும் நின்றார். எறும்பு செத்துப் பல தலைமுறை ஆகியிருக்கும், துரைராஜ் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் இந்த வருஷம் உண்மையாகவே படித்துவிட வேண்டும் என்று சத்தியம் பண்ணுவார். ஆபேலைக் காயீன் கொல்வதற்குள் தூக்கம் வந்துவிடும்.

1999 செப்டம்பரில் சபைக்குப் புதிதாக ஒரு வாலிபப் போதகர் வந்தார். வந்ததும் வராததுமாக அறிவித்தார். "இந்த வருஷக் கடைசியில எழுந்து நிக்கிறவங்ககிட்ட ஆளுக்கு ஒரு கேள்வி கேப்பேன். சும்மா ஒரு உற்சாகத்துக்குத்தான்."

துரைராஜ் மாதங்களை விரல் விட்டு எண்ணினார். நாலுகூட முழுசாக இல்லை.

வீட்டில் படிக்கலாமென்றால் முடியாது. வீட்டிலிருந்த பெரிய எழுத்து பைபிள் மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. விளிம்பெல்லாம் தங்க முலாம். அந்த மாதிரிப் புதுப் புத்தகத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு பக்கத்தைத் திறக்கப் போக, "பர்ர்ர்" என்று ஊரைக் கூட்டும் சத்தம் வந்தது. மாமனார் சிரித்தார். "வாசிக்க வாசிக்கத் தானாப் பிரிஞ்சிடும் மாப்பிள்ளை." அன்று முதல் காலை ஜெபத்துக்குச் சங்கீதம் இருக்கிற நடுப்பக்கத்தை மட்டும் திறப்பார், மூடுவார். இருபத்திரண்டு தடவை படித்த புத்தகம் இப்போது போய் "பர்ர்ர்" என்றால் சுகிர்தம் என்ன நினைப்பாள்? ஆபீசில் படிக்கலாமென்றால், டைப்பிஸ்ட் அம்மாள் அதே சபை.

அப்போதுதான் ராஜா அண்ணாமலைபுரத்தில் மெஹபூப் பாஷாவின் பிரவுசிங் சென்டர் கண்ணில் பட்டது. ஆறு கம்ப்யூட்டர். ஆறுக்கும் பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு முன்னால் பச்சைத் திரை.

"தம்பி, இதுல பைபிள் வருமா?" துரைராஜ் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அல்லாம் வரும் சார். தமிள்ல போட்டா எளுத்து கட்டம் கட்டமா வரும். இங்கிலீஷ்ல சூப்பரா கீது."

முதலில் திறந்த இடத்தில் ஒரு படிவம் வந்து நின்றது. பேர் கேட்டது. ஊர் கேட்டது. பிறந்த தேதி கேட்டது. எந்தச் சபை என்று கேட்டது. துரைராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

"இன்னா சார், பாம்பைக் கண்டா மாதிரி?"

"வேதம் படிக்கிறதுக்கு எதுக்குப்பா என் பிறந்த தேதி? நாளைக்கு இவன் சபைக்கே லெட்டர் போட்டான்னா?"

"அதாண்ட போவாத சார். இது பாரு, வேற ஒண்ணு கீது. பேர் கேக்காது, ஊர் கேக்காது. வெறும் எளுத்து. நீ பாட்டுக்குப் படிச்சிக்கினு இரு."

பேர் கேட்காத அந்த இடம் துரைராஜுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனாலும் அவர் அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எதிலும் சந்தேகம். "நான் என்ன படிச்சேன்னு இந்த மெஷினுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ஹிஸ்டரின்னு ஒண்ணு கீது. நீ போன எடமெல்லாம் வரிசையா வெச்சிருக்கும்."

"அழிக்க முடியுமா?"

பாஷா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அழிக்கச் சொல்லிக்கொடுத்தார். "நான் எட்டிப் பாக்க மாட்டேன் சார். கஸ்டமர் ரகசியம் நம்ம ரகசியம்."

அன்று முதல் துரைராஜ் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் பஸ் ஏறி வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரம் படிப்பார். எழுந்திருக்கும் முன் எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிடுவார். ஒரு கரும்புள்ளி மிச்சமிருக்காது. என்ன, மெஷினில் அடையாளம் வைக்காததால் எங்கே விட்டோம் என்பது மறுநாள் மறந்துவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தார். அன்றைய பஸ் டிக்கெட்டின் பின்னால் பொடியாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

படிக்க ஆரம்பித்தபோது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் படித்தார். போகப் போகக் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. குருட்டுத் தகப்பனை ஏமாற்ற மகன் யாக்கோபு ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு போய் நிற்கிறான். துரைராஜ் தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஏமாற்றினவனை அவன் மாமன் ஏமாற்றுகிறான். சரியான பழிதான் என்று சிரித்துக்கொண்டார். இத்தனை வருஷம் இதையெல்லாம் ஒருத்தரும் நமக்குச் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது. ஞாயிறு தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு தியானத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

ஒரே ஒரு வேதனை. படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடமாவது என்ன, சுகிர்தத்திடம்தான். வீட்டுக்கு ஓடிப்போய், "சுகிர்தம், கேட்டியா, இந்த யாக்கோபு பண்ண வேலையை" என்று ஆரம்பிக்க வாய் துடிக்கும். எப்படிச் சொல்வது? இருபத்திரண்டு தடவை படித்தவனுக்கு இருபத்திமூன்றாவது தடவையில் என்ன ஆச்சரியம் வேண்டிக் கிடக்கிறது? ஊருக்கு முன்னால் சொன்ன ஒரு பொய் வீட்டுக்குள்ளேயே தன்னை ஊமையாக்கிவிட்டதே என்று துரைராஜ் முதன்முதலாக வருத்தப்பட்டார். ரசம் சாதத்தைப் பிசைந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்னங்க, உப்பு கம்மியா?" என்பாள். "இல்ல, சரியா இருக்கு" என்பார்.

அக்டோபர் கடைசியில் தாவீது ராஜாவின் கதைக்கு வந்தார். பெற்ற பிள்ளையே ராஜ்யத்தைப் பறிக்கப் படை திரட்டிவிட்டான். சண்டை நடக்கிறது. கிழவர் கோட்டை வாசலில் செய்திக்குக் காத்திருக்கிறார். ஜெயித்தோம் என்கிறார்கள். அவருக்கு ஜெயமா முக்கியம்? பிள்ளை நன்றாயிருக்கிறானா என்று கேட்கிறார். செத்துப்போனான் என்கிறார்கள். அவர் மேலறைக்கு ஏறிப் போய்க்கொண்டே அழுகிறார். துரைராஜும் அழுதுவிட்டார். விசும்பி அழுதுவிட்டார். எல்லாவற்றையும் அழித்து, டிக்கெட்டில் குறித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி திரையை விலக்கினால், எதிரே சுப்பராமன்!

சுப்பராமன் அதே ஃபிளாட்ஸில் கீழ் வீட்டுக்காரர். அமெரிக்காவிலிருக்கும் மகன் அனுப்பிய ஈமெயிலைத் தாளில் எடுத்துப்போக வந்திருந்தார்.

"ஓய் துரைராஜ்! நீரா? கண்ணெல்லாம் இப்படிச் செவந்திருக்கே! வேர்த்து வழியறது! உள்ளே என்னங்காணும் பண்ணிண்டிருந்தீர்?"

"ஒண்ணுமில்ல சார். சும்மா படிச்சிட்டு இருந்தேன்."

"படிக்கறத்துக்கு எதுக்கு ஓய் திரை?"

துரைராஜ் திரையை இழுத்து மூடினார். சுப்பராமன் பாஷாவைப் பார்த்தார். பாஷா விசுவாசமாகத் தலையைக் குனிந்துகொண்டு, "கஸ்டமர் ரகசியம் சார். சார் டெய்லி வந்து, போகசொல்ல அல்லாத்தையும் அழிச்சிட்டுப் பூடுவாரு" என்றார்.

"டெய்லியா!" சுப்பராமன் நெஞ்சில் கை வைத்தார். பிறகு துரைராஜின் தோளைத் தொட்டு, "கவலைப்படாதேயும். என் ஆத்துக்காரிகிட்டகூட மூச்சு விடமாட்டேன்" என்றார்.

சொன்ன சொல்லைத் தெருமுனை வரை காப்பாற்றினார். துரைராஜ் கண் சிவப்பு ஆறும்வரை தெருவைச் சுற்றிவிட்டு வந்து வீட்டுப் படியேறும்போது சுப்பராமன் மனைவி ஸ்ரீலக்ஷ்மி மேலேயிருந்து இறங்கி வந்தாள். அவரைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டாள்.

உள்ளே சுகிர்தம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்.

"அந்தத் திரைக்குப் பின்னாடி தினமும் என்னங்க பார்க்கறீங்க?"

துரைராஜ் யோசித்தார். உண்மையைச் சொன்னால், அந்த 1977 முகம் போய்விடும். அது போனால் அவருக்கு வேறென்ன மிச்சம்? ஊர் நினைப்பதையே ஒப்புக்கொண்டால், ஏதோ சபலம், திட்டுவாள், அழுவாள், பிறகு மன்னித்துவிடுவாள். சபலத்துக்கு மன்னிப்பு உண்டு. இருபத்திரண்டு வருஷப் பொய்க்கு உண்டா? தலையைக் குனிந்துகொண்டார்.

"பார்க்கக் கூடாததைப் பார்த்தேன் சுகிர்தம்."

கத்தி நின்றது. "என்ன மாதிரி?"

"அது... படம்தான்."

"என்ன படம்?"

"பேர் போடலை."

"கதைன்னு ஒண்ணு இருக்குமே?"

துரைராஜ் அந்த மாதிரிப் படம் பார்த்தவரா என்ன? வாய்க்கு வந்ததைச் சொன்னார். "ஒரு ராஜா. சாயங்காலம் மொட்டை மாடியில உலாத்திட்டு இருக்கார். பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு குளிச்சிட்டு இருக்கா."

"அடப்பாவமே. அப்புறம்?"

"கூட்டிட்டு வரச் சொல்றார்."

"அவளுக்குப் புருஷன் இல்லையா?"

"இருக்கான். பட்டாளத்துல. அவனைச் சண்டையில முன்னாடி நிறுத்திச் சாகடிச்சிடறார்."

"ஐயையோ. ராஜாவை யாரும் கேக்கலையா?"

"ஒரு பெரியவர் வந்து கேக்கறார். ஆட்டுக்குட்டிக் கதை ஒண்ணு சொல்லி மடக்கிடறார். ராஜா அழறார் சுகிர்தம். தப்பை ஒத்துக்கறார். அப்புறம் பெத்த பிள்ளையே அவரை எதிர்த்து, அவனும் செத்து..." துரைராஜின் குரல் உடைந்தது. எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று உறைத்து, சட்டென்று நிறுத்தினார்.

சுகிர்தம் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று துரைராஜுக்கு நெஞ்சு வலித்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி, மன்னிச்சேன். ஆனா ஒண்ணு. நாளையிலிருந்து ஆபீஸ் விட்டா நேரா வீடு. தினமும் சாயங்காலம் என் முன்னாடி உட்கார்ந்து சத்தமா வேதம் வாசிக்கணும். அதான் தண்டனை."

துரைராஜுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வேதம் வாசிப்பதுதான் தண்டனையாம்! அடித்தது யோகம் என்று நினைத்தார். உடனே ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கங்கள் ஞாபகம் வந்தது. சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சுகிர்தம் அந்த மாமனார் கொடுத்த பைபிளைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். துரைராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் பக்கங்களைத் திறந்தார்.

சத்தமில்லை.

நாலு பக்கம் புரட்டினார். நாற்பது பக்கம் புரட்டினார். எல்லாம் பழைய துணி மாதிரி மெத்தென்று பிரிந்தன. ஓரங்களில் முலாம் தேய்ந்து போயிருந்தது. அங்கங்கே மஞ்சள்பொடி விரலடையாளம் வேறு.

"முதல்ல இருந்து வேண்டாம்" என்றாள் சுகிர்தம். "அடையாளம் வெச்சிருக்கேன், அங்கே இருந்து வாசிங்க."

அடையாளத்தைத் திறந்தார். இரண்டாம் சாமுவேல், பத்தொன்பதாம் அதிகாரம். நடுவில் கசங்கிய ஒரு பஸ் டிக்கெட். அதன் பின்னால் அவருடைய கையெழுத்து.

துரைராஜ் பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் சட்டையைப் பார்த்தார். மெஷினைத் துடைத்தவர், பையைத் துடைக்கவில்லை. செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு டிக்கெட்டும் துணி துவைக்கிற சுகிர்தத்தின் கைகளுக்குள்தான் போயிருக்கிறது. மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் எதுவும் தெரியாதவள் போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நிறுத்திட்டீங்க? வாசிங்க."

வாசித்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, அந்த டிக்கெட்டைப் பற்றி. ஆனால் மற்றதையெல்லாம் பேசினார்கள். தாவீதின் பிள்ளையைக் கொன்ற தளபதி யோவாப் செய்தது நியாயமா என்று இரண்டு நாள் சண்டை. பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபின் சிநேகிதர்களை அவள் கிழி கிழி என்று கிழித்தாள். "துக்கம் கேக்க வந்தவங்க பேசற பேச்சா இது? நம்ம சபையிலயும் நாலு பேர் இருக்காங்க இப்படி." துரைராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இப்படிப் பேசிக்கொண்டதே இல்லையே என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. ஒருநாள் ஒரு நீளமான பேர் வரிசைக்கு நடுவில் கரண்ட் போனது. அவர் நிறுத்தினார். இருட்டுக்குள்ளிருந்து சுகிர்தத்தின் குரல் அடுத்த பேரிலிருந்து தொடர்ந்தது. இன்னான் மகன் இன்னான் என்று ஒரு பேர் தடுக்காமல் போய்க்கொண்டே இருந்தது. துரைராஜ் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தப் புத்தகத்தின் பக்கங்களைப் பிரித்தது யார் என்று அப்போது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஏனோ நிம்மதியாகவும் இருந்தது.

டிசம்பர் கடைசி ஞாயிறு வந்தது. போதகர் கேட்டார். "இந்த வருஷம் முழு வேதத்தையும் வாசிச்சு முடிச்சவங்க எழுந்து நில்லுங்க."

சபை முழுக்கத் திரும்பித் துரைராஜைப் பார்த்தது. பக்கத்திலிருந்தவர் இடித்தார். "அண்ணே, எழுந்திரிங்க." துரைராஜ் தரையைப் பார்த்தார். பெண்கள் பக்கம் பார்க்கத் தைரியமில்லை. கெட்டியாகப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் முடிக்கலை தம்பி. எரேமியாவுலதான் இருக்கேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் பார்த்தார். மூன்றாவது வரிசையில் சுகிர்தம் நின்றுகொண்டிருந்தாள்.

போதகர் கேள்வி கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. "எத்தனாவது தடவைம்மா?" என்றார் அவர்.

"இருபத்திமூணு, பாஸ்டர்."

சபையில் சலசலப்பு. "அப்போ இத்தனை வருஷமா ஏம்மா நிக்கலை?"

சுகிர்தம் தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டாள். "எங்க வீட்டுல நான் வாசிப்பேன், அவர் நிப்பார். இந்த வருஷம் அவர் வாசிக்க ஆரம்பிச்சுட்டார். அதனால நான் நிக்க வேண்டியதாப் போச்சு."

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது துரைராஜ்தான். இருபத்திரண்டு வருஷமாக நின்ற காலுக்கு அன்றைக்குத்தான் ஓய்வு கிடைத்தது.

ஆராதனை முடிந்து இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். சாந்தோம் பக்கமிருந்து கடல்காற்று வீசியது. பாதி வழியில் துரைராஜ் கேட்டார். "நான் படிக்கலைங்கிறது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் வருஷத்துலேர்ந்து. நீங்க எழுந்தப்பவே தெரியும். வேதம் படிச்சு முடிச்சவர் தொடையைத் தேய்ச்சுக்கிட்டா எழுந்திருப்பார்?"

துரைராஜ் நடுரோட்டில் நின்றுவிட்டார். "அப்போ அன்னிக்கு உன் முகம் அப்படிச் செவந்து, கண்ணெல்லாம் கலங்கி, தலைப்பை வாயில வெச்சுக்கிட்டு... அந்த முகத்துக்காகத்தானே சுகிர்தம், நான் இத்தனை வருஷமும் நின்னேன்! அது என்ன?"

"சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்தேங்க."